நான் துப்புரவாக்கிய காணி

காணி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பைத்தியம். என் கணவருக்கு அது ஐம்பத்தேழு வயதில் பிடித்தது. முதுகு விழுந்து, டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலையை விட்ட வருடம் அது. நாங்கள் நகரத்தில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். மற்றவர்கள் அந்த வயதில் வீடு வாங்குவார்கள். இவர் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டைத் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் இரண்டு ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கினார். வீடு இல்லை, கிணறு இல்லை, காலை வைத்தால் சதக்கென்று தண்ணீர். வாங்கிய அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சப்பாத்து முழுக்கச் சேறு. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுவிட்டீர்கள் என்று வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் வருடம் மிளகாயும் கத்தரியும் நட்டார். எல்லாம் அழுகிப் போயின. விற்றுத் தொலைப்பார் என்று பார்த்தால், பக்கத்துக் காணிக்காரக் கிழவர் ஒருவர் இவருக்கு அரசாங்கத்தின் திட்டம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சொந்தக் காணியில் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் இருக்க இடம் ஒழுங்கு செய்து கொடுத்தால், செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்கும். மிச்சம் காணிக்காரரின் பங்கு. அதைக் காசாகவும் போடலாம், உடம்பாலும் உழைத்துக் கழிக்கலாம். இவர் உழைக்கிறேன் என்று கையெழுத்து வைத்தார். முதுகு விழுந்த மனிதர்! ஐந்து வருட ஒப்பந்தம். ஐந்தாம் வருடம் அதிகாரி வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால், அடுத்த கட்டமாக ஒரு சின்னக் குளம் வெட்ட உதவி கிடைக்கும். அந்தக் குளத்தைத்தான் இவர் கனவு கண்டுகொண்டிருந்தார்.

அந்த ஐந்து வருடமும் இவர் காணியைப் பற்றிக் கதைத்தார். நான் கேட்கவில்லை. இதை இப்போது பச்சையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். நான் விமானம் துடைப்பவள். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. விடிய முன்னர் பஸ் எடுத்து, மூன்று மணிக்கு வீடு வந்து, சமைத்து, சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது என் கண் பாதி மூடியிருக்கும். இவர் எதிரில் இருந்து அங்கே என்ன நட்டார், எது வந்தது, எந்தப் பறவை எங்கே குந்தியது என்று சொல்லிக்கொண்டே போவார். நான் "ம்" என்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அது நான்தான். ஒவ்வொரு கோடையிலும் ஒருமுறை, "ஒருக்கா வந்து பாருமன்" என்று கேட்பார். "பேந்து பாப்பம்" என்பேன். களைப்பு என்பது ஒரு நாளைக்கு வந்து போகும் சாமான் இல்லை. சில வயதுக்குப் பிறகு அது வீட்டோடு வந்து தங்கிவிடுகிறது. கட்டிய மனிசனின் கதையைக் கேட்பதுகூட இன்னொரு ஷிஃப்ட் வேலை மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

ஐந்தாம் வருடம் ஆகஸ்ட் முடிவில் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு, உடனே நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஒப்பரேஷனுக்கு முதல்நாள், கையில் ஊசி குத்திய நிலையில், இவர் என்னிடம் சொன்னது வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ அல்ல.

"செவ்வாய்க்கிழமை அந்த ஒஃபிசர் பிள்ளை காணி பாக்க வருது. நாளை மாத்தச் சொல்லிக் கேட்டால் பேந்து அடுத்த வருசம் எண்டுவினம். நீர் ஒருக்காப் போய் நிண்டால் காணும்."

"நான் போய் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதையும். சும்மா போய்க் கேற்றைத் திறந்துவிடும். அவ பாத்திட்டுப் போவா."

ஒண்டும் செய்யாதையும். நல்ல தெளிவான தமிழில்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஆட்களில் யார் அதை அப்படியே எடுப்பார்கள்? வீட்டுக்கு வந்தவர் "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றால் நாம் தேத்தண்ணி போடாமலா விடுகிறோம்? நெஞ்சு பிளக்கப்போகிற மனிதர், எனக்குச் சிரமம் தரக்கூடாது என்று மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் எடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு காரியத்தையாவது இவருக்குத் திறமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன்.

அதிகாரி வருகிறார் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வேலையில் சூப்பர்வைசர் வந்து ஸீட் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பார். ஒரு மிட்டாய்க் கடதாசி அகப்பட்டாலும் அன்றைக்கு அர்ச்சனைதான். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான் பழகினேன். பார்க்க வருபவர் கண்ணில் ஒன்றும் படக்கூடாது. காணி பற்றிய கடிதங்களை இவர் ஒரு பையில் வைத்திருந்தார். கடைசிக் கடிதத்தில் திகதியும் நேரமும் வாசித்தேன். கீழே இன்னும் நான்கு பக்கம் பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாமல் இல்லை, மெதுவாக வாசித்தால் விளங்கும். வாசிக்க உடம்பு ஏலவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. சனிக்கிழமை, திங்களும் லீவான நீண்ட வார இறுதியில், புரோசார்டில் இருக்கும் என் தங்கச்சியையும் அவள் மனிசனையும் கூப்பிட்டேன். அவர் பனி தள்ளுகிற, புல் வெட்டுகிற கொன்ட்ராக்ட் செய்பவர். லொறி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, மரம் அறுக்கும் வாளும் இருக்கிறது. மூன்று பேருமாகக் காலை எட்டு மணிக்குக் காணியில் போய் இறங்கினோம்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். இடுப்பளவு புல். வாய்க்கால் ஓரமெல்லாம் பற்றை. நடுவில் கொப்புகளும் தடிகளும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பின்னுக்கு இரண்டு பட்ட மரங்கள், உடம்பெல்லாம் பொந்து, இலை ஒன்றுகூட இல்லாமல் நின்றன. ஊரில் ஒரு வளவு இப்படிக் கிடந்தால் அந்த வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார், இல்லையென்றால் கொழும்புக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

"மனிசர் வாற இடமே அக்கா இது?" என்றாள் தங்கச்சி. "அத்தான் அஞ்சு வருசமா இஞ்ச வந்து என்னதான் செய்தவர்?"

"முதுகு ஏலாத மனிசன். அவரால ஏலுமானதைச் செய்திருப்பார்," என்றேன். எனக்கே நாக்கூசியது.

மச்சான், தங்கச்சியின் மனிசன், புல் வெட்டும் மெஷினைப் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் முன்பக்கம் வெளித்துவிட்டது. தடிக் குவியலை லொறியில் ஏற்றி நகரசபையின் குப்பை எடுக்கும் இடத்துக்கு இரண்டு தடவை போய் வந்தார். பற்றைகளை அடியோடு வெட்டினோம். பட்ட மரம் வளவில் நிற்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும், அதுவும் ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது. அந்த இரண்டையும் அறுத்து விழுத்தினார். நான் நடைபாதை ஓரத்துப் புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டு போனேன். நிலத்தில் சின்னச் சின்னக் குச்சிகள் இலக்கம் எழுதிக் குத்தியிருந்தன. காணி அளந்தவர்கள் விட்டுப் போனவை என்று நினைத்து, பிடுங்கிக் கட்டாகக் கட்டி ஒரு பக்கம் வைத்தேன்.

பாதை முடிவில்தான் அதைக் கண்டேன். தடித்த இலை, சாம்பல் பூத்த பச்சை, பருத்த காய். ஒன்றை ஒடித்தேன். வெள்ளையாகப் பால் வடிந்தது.

தங்கச்சியும் வந்து பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது எருக்கலை மாதிரியெல்லோ கிடக்கு."

எருக்கலை இல்லை. எருக்கலைக்கு இந்தக் குளிர் தாங்காது. ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று யாரும் சொல்வார்கள். பாழ்பட்ட வீட்டில் எருக்கலை முளைக்கும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பயம். "உன்ரை முத்தத்தில எருக்கலை முளைக்க" என்று ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டினாள் என்றால் அதற்கு மேல் திட்ட ஒன்றும் இல்லை. இங்கே என் மனிசன் நெஞ்சைத் தைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், அவர் பேரில் உள்ள காணியில் இது ஐம்பது அறுபது செடி வரிசை பிடித்து நிற்கிறது. அது ஏன் வரிசையாக நிற்கிறது என்று நான் யோசிக்கவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. தங்கச்சி வேண்டாம், மச்சான் மெஷினைக் கொண்டு வரட்டும் என்றாள். நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து, வேரோடு வர மறுத்ததை மண்வெட்டியால் கொத்தி, எல்லாவற்றையும் பிடுங்கினேன். இலைகளில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள் இருந்தன. புழு வேறு பிடித்திருக்கிறதே என்று செடியோடு சேர்த்துப் பையில் போட்டுக் கட்டினேன். ஏழெட்டுப் பெரிய கறுப்புப் பை. பின்னேரம் நிமிர்ந்தபோது என் இடுப்பு என்னுடையதாக இல்லை. ஆனால் காணி துப்புரவாக இருந்தது. மச்சான் வாசலில் நின்று, "இப்பதான் காணி மாதிரிக் கிடக்கு," என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்த வசனம்தான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தங்கச்சியின் காரில் அவளோடு போனேன். பிளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு டப்பாவில் ரோல்ஸ். பத்து மணிக்கு அந்த அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து போட்டிருந்தாள். "பொன்ஜூர்" என்று சிரித்துக்கொண்டு கேற்றுக்குள் வந்தவள் நின்றுவிட்டாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள், காணியைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என்னிடம், இது இன்னாருடைய காணிதானா என்று இவர் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

ஓம் என்றேன். நான் மனைவி என்றேன். அவர் ஆஸ்பத்திரியில், அதனால் நாங்கள் வந்து எல்லாம் கிளீன் பண்ணினோம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பெருமையோடு சொன்னேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருப்பிக் கோபப்பட எனக்கு வரும். அவள் கோபப்படவில்லை. காணி முழுவதும் ஒரு சுற்று நடந்தாள். தடிக் குவியல் இருந்த இடத்தில் நின்றாள். அது முயல்களும் சின்னப் பறவைகளும் பனிக்காலத்தில் ஒளிந்திருக்க அடுக்கியது என்றாள். வாய்க்கால் ஓரத்துப் பற்றை பற்றை இல்லை, அரசாங்கத்தின் பங்கில் வாங்கிக் கொடுத்த கன்றுகள், இவர் கையால் நட்டவை. பட்ட மரங்கள் மரங்கொத்தி கூடு கட்டவென்று விட்டவை. இலக்கம் எழுதிய குச்சிக் கட்டை நான் எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி, செடிகளுக்குப் போட்ட இலக்கங்களைத் தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பாதை முடிவில் குந்தி இருந்து மண்ணைத் தடவிப் பார்த்தாள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, அதன் குஞ்சுப் புழு இந்தச் செடியைத் தவிர வேறு எதையும் தின்னாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். இந்த மாதம் அவை செட்டை முளைத்து மெக்சிக்கோ வரை பறந்து போக வேண்டியவை. மெக்சிக்கோவிலிருந்து வரும் விமானங்களை நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். அவ்வளவு தூரத்துக்குப் போக இருந்த உயிர்களைக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டவள் நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். நான் குரங்கைக்கூடப் பிடிக்கவில்லை, இருந்த பிள்ளையாரையும் உடைத்துவிட்டேன்.

"யார் செய்தது என்று எழுத வேண்டும்," என்றாள்.

தங்கச்சி பின்னால் நின்று, வேலைக்கு ஆள் பிடித்தோம், அவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லச் சொல்லித் தமிழில் குசுகுசுத்தாள். நான், "நான்தான் செய்தேன்," என்றேன். வேறு யாராவது செய்ததாகச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவள் எழுதினாள். பிறகு தன் போனை எடுத்து, போன வருடம் வந்தபோது எடுத்த படங்களைக் காட்டினாள். அந்தக் காட்டுக்கு நடுவில் இவர். இடுப்பில் கை, தலையில் என்னுடைய பழைய சால்வை, பல் தெரியச் சிரிப்பு. நான் பல வருடமாகப் பார்க்காத சிரிப்பு அது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை, வந்த காலத்தில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை. குளம் வெட்டினால் மனைவி கட்டாயம் வந்து பார்ப்பார் என்று அவர் சொன்னார் என்றாள் அந்தப் பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

முடிவு இதுதான். திருப்தி என்று அவளால் எழுத முடியாது. தவறுதலாக அழிந்தது என்று எழுதுகிறாள். அந்தப் பால் செடியின் வேர் ஆழத்தில் ஓடியிருக்கும், நான் கொத்தியது போக மிச்சம் அடுத்த கோடையில் முளைக்கும். வெட்டிய கன்றுகளில் சிலதும் துளிர்க்கும். விழுத்திய மரங்களை நிமிர்த்த முடியாது, அப்படியே கிடக்கட்டும், அதற்குள்ளும் ஏதாவது வந்து குடியிருக்கும். அடுத்த செப்டெம்பரில் திரும்ப வருவாள். குளத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் கதைக்கலாம், அதுவும் நிச்சயமில்லை. ரோல்ஸில் ஒன்றை மரியாதைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் இவர் கேட்ட முதல் கேள்வி, "வந்தவவோ?"

"வந்தவ."

"என்ன சொன்னவ?"

"பேந்து கதைப்பம். முதல் இந்த சூப்பைக் குடியுங்கோ."

மூன்று நாள் இப்படி இழுத்தேன். நெஞ்சு தைத்த ஆளிடம் இதைச் சொல்லாதே, ஒரேயடியாகச் சொல்லாமலே விட்டுவிடு என்று தங்கச்சி போனில் ஓதினாள். அடுத்த வருடம் முளைத்த பிறகு பார்த்தால் ஆருக்குத் தெரியப்போகிறது என்றாள். அவளுக்கு இவரைத் தெரியாது. ஒவ்வொரு செடியையும் எண்ணி இலக்கம் போட்ட மனிதர். எனக்கும் அவரைத் தெரியாது என்பதுதான் அந்த மூன்று நாளும் என்னைத் தின்றது.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் மத்தியானம். இவர் குசினி யன்னல் பக்கம் கதிரையில் இருந்தார். இருமினாலும் சிரித்தாலும் தையல் நோகும் என்று நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஒரு சின்னத் தலையணை கொடுத்துவிட்டிருந்தார்கள். அது மடியில் கிடந்தது. நான் அடுப்படியில் முதுகு காட்டி நின்றபடி சொல்லத் தொடங்கினேன். மச்சானின் மெஷினில் தொடங்கி, குவியல், பற்றை, மரம், குச்சி, கடைசியில் அந்தச் செடி, புழு, பை என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். குளம் இப்போதைக்கு இல்லை என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, கத்தட்டும் என்று நின்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எருக்கலை எண்டு நினைச்சனீரோ?" என்றார்.

"ஓம்."

தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சிரித்தார். நோவில் கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். யன்னல் பக்கம் திரும்பிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப சனிக்கிழமை முழுக்க நீர் அங்கதான் நிண்டிருக்கிறீர்," என்றார்.

"ஓம்."

"செவ்வாயும் போனனீர்."

"ஓமப்பா."

என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஐந்து வருடமாகக் கேட்கக் காத்திருந்த ஒன்றைக் கேட்பவர் போல, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"எப்பிடி இருந்தது இடம்?"

நான் வாயைத் திறந்தேன். இடம். அங்கே வானம் எப்படி இருந்தது, பறவை ஏதும் கத்தியதா, வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா, காலையில் பனிப்புகார் இருந்ததா. என் நினைவில் இருந்ததெல்லாம் என் இரண்டு கைகளும், கைகளில் ஒட்டிய பாலும், காலடி மண்ணும்தான். வடிவாத்தான் இருந்தது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது போதும். வரவில்லை.

"நான் பாக்கேல்லை," என்றேன்.